வார்டு வாசலுக்கு வெளியே நிற்கும் செலவு

ஆலங்குளம் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் என் சித்தியிடம் நாற்பது பக்க நோட்டு ஒன்று இருக்கிறது. பீடிக் கணக்குக்காக வாங்கியது. முன்பக்கமிருந்து பார்த்தால் இலை, தூள், கட்டு, கழிவு என்று கணக்கு ஓடும். பின்பக்கமிருந்து திருப்பினால் வேறு கணக்கு. மூத்த மகளின் தலைப்பிரசவத்துக்கு ஆன செலவை அதில் வரிவரியாக எழுதி வைத்திருக்கிறார். ஸ்கேன், வெளியே. பிளாஸ்க். பாய் ஒன்று. வென்னீர். ஆயாவுக்கு. வீல்சேர் தள்ளினவருக்கு. ரெண்டு பேர் சாப்பாடு. ஆட்டோ. பஸ். மறுபடியும் பஸ். அந்த இரண்டு பக்கத்தில் ‘பஸ்’ என்ற சொல் மட்டும் பதினொரு இடத்தில் வருகிறது.

சரி, ஆஸ்பத்திரி எவ்வளவு வாங்கியது என்று தேடினால் அப்படி ஒரு வரியே இல்லை. சிசேரியன், ரத்தம், ஊசி, மருந்து, ஒரு வாரப் படுக்கை எதற்கும் ரசீது போட்டுக் காசு வாங்கவில்லை. பிரசவம் இலவசம் என்று சுவரில் எழுதியிருந்தது பொய்யில்லை. ஆனாலும் அந்த இரண்டு பக்கத்தைக் கூட்டியபோது சித்தி காதுக் கம்மலை அடகு வைத்திருந்தார்.

திருநெல்வேலிச் சீமையில் பெண்களின் பேறுகால மருத்துவத்தைப் பற்றிப் பேச வேண்டுமானால் இந்த நோட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன். பிள்ளை பெறுகிற அந்த ஒரு நாளை அரசு பெரும்பாலும் கவனித்துக்கொள்கிறது. அந்த நாளுக்குப் போய்ச்சேரவும், அங்கே இருக்கவும், அப்புறம் வீடு திரும்பவும் ஆகிற செலவைப் பெண் சுமக்கிறாள். பிள்ளை இப்போது வேண்டாம் என்றாலும், பிள்ளை வேண்டும் ஆனால் தங்கவில்லை என்றாலும் செலவு முழுக்க அவள் தலையில்தான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுவோம், அது சின்ன விஷயமில்லை. எங்கள் ஆச்சி காலத்தில் ஊர் மருத்துவச்சி வீட்டுக்கு வந்து பிள்ளை எடுத்தார். ரத்தப்போக்கு நிற்காவிட்டால் மாட்டுவண்டி, அதுவும் இல்லையென்றால் விதி. இன்று தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் ஆஸ்பத்திரியில் நடக்கின்றன என்கிறது 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு. அதில் மூன்றில் இரண்டு பங்கு அரசு ஆஸ்பத்திரிகளில். ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புக்கு எத்தனை தாய்மார் இறக்கிறார்கள் என்ற கணக்கு 2004-06-ல் 111 ஆக இருந்தது, 2018-20-ல் 54 ஆகக் குறைந்தது. அதே காலத்தில் இந்திய சராசரி 97. ஆரம்ப சுகாதார நிலையங்களில் ராத்திரியும் பகலும் நர்ஸ் இருக்க வைத்தது, 2008-ல் ஓடத் தொடங்கிய 108, பெரிய ஆஸ்பத்திரிகளில் சிக்கலான பிரசவத்துக்கென்றே அமைத்த சீமாங் மையங்கள், எல்லாவற்றுக்கும் மேலாக வீடு வீடாக நடக்கிற கிராம சுகாதார செவிலியர், அதாவது நம் ஊர் நர்சம்மா. இவ்வளவும் சேர்ந்துதான் அந்த எண் இறங்கியது.

கையில் பணமாகவும் உதவி உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு நிதியுதவித் திட்டம் 1987-ல் சில நூறு ரூபாயில் ஆரம்பித்தது. 2006-ல் 6,000, 2011-ல் 12,000, 2018-லிருந்து 18,000 ரூபாய். இதில் 14,000 வங்கிக் கணக்குக்கு வரும், 4,000 மதிப்புக்கு ஊட்டச்சத்துப் பெட்டகம். முதல் இரண்டு பிரசவத்துக்கு மட்டும். பன்னிரண்டு வாரத்துக்குள் பதிந்து பிக்மி நம்பர், அதாவது கர்ப்பப் பதிவு எண், வாங்கியிருக்க வேண்டும். அந்த நம்பர் இல்லாவிட்டால் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் வரை சிக்கல்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம், தலைப்பிரசவம் தாய்வீட்டில். ஏழாம் மாசம் வளையல் போட்டு அழைத்து வருவார்கள். பதிவு மாமியார் ஊர் நர்சம்மாவிடம் இருக்கும், பிள்ளை அம்மா ஊரில் பிறக்கும். நம்பர் எங்கே போனாலும் ஒன்றுதான், அதை வைத்து எந்த ஊரிலும் பார்க்கலாம். ஆனால் கையில் அட்டையை எடுத்து வராமல், இந்த ஊர் நர்சம்மாவிடம் சொல்லாமல் விட்டுவிட்டு, தவணை வரவில்லையே என்று ஆறு மாசம் கழித்து அலைகிற குடும்பங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வளைகாப்புக்கு ஐந்து வகைச் சோறு கட்டுகிற கையோடு அந்த அட்டையையும் பையில் வைத்துவிட வேண்டும்.

பணம் வருகிற நேரத்தையும் கவனிக்க வேண்டும். 2024-ல் மாற்றிய முறைப்படி கர்ப்பத்தின் நாலாம் மாசத்தில் 6,000, பிள்ளைக்கு நாலு மாசம் ஆனபின் 6,000, ஒன்பது மாசத்தில் 2,000. அதாவது நாலாம் மாசத் தவணை வாங்கிய பின் ஏறக்குறைய ஒன்பது மாசத்துக்குக் கைக்கு ஒன்றும் வராது. கடைசி ஸ்கேனும் ஆட்டோவும் ஆஸ்பத்திரிச் சாப்பாடும் அந்த ஒன்பது மாசத்துக்குள்தான் வருகின்றன. சித்தியின் கம்மல் அடகுக்குப் போனதும் அப்போதுதான்.

கூலியில்தான் உண்மையான அடி விழுகிறது. முக்கூடல், கடையம், ஆலங்குளம், பொட்டல்புதூர், மேலப்பாளையம் என்று இந்தச் சீமை முழுக்கப் பெண்கள் வீட்டுத் திண்ணையில் பீடி சுத்துகிறார்கள். சுத்தின பீடிக்குத்தான் கூலி. சுத்தாத நாளுக்கு ஒன்றுமில்லை. என் சித்தி மகள் எட்டாம் மாசத்திலும் சுத்திக்கொண்டிருந்தாள். மடியில்தான் சொளவு, அதாவது முறம், இருக்கும். வயிறு பெருக்கப் பெருக்க அது முழங்கால் பக்கம் தள்ளிப்போகும். கடைசியில் கை எட்டாமல் குனிந்து, இலைக்குள் தூளை வைத்துச் சுருட்டுவாள். புகையிலைத் தூள் மூச்சிலும் விரலிலும் ஏறுகிறது, நிறுத்தச் சொல்லி நர்சம்மா ஒவ்வொரு தடவையும் சொன்னார். “நிறுத்துனா பீடி பாஸ்புக்குல யாரு எழுதுவா யக்கா?” என்று என்னிடம் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

பிரசவத்துக்குத் துணைக்குப் போகிற அம்மாவும் பீடி சுத்துகிறவர்தான். அரசு ஆஸ்பத்திரியில் கூட இருக்க ஒரு பெண் கட்டாயம் வேண்டும். மருந்துச் சீட்டு வாங்க, தூக்குவாளியில் கஞ்சி கொண்டுவர, பாத்ரூமுக்குத் தாங்கிப் பிடிக்க வேறு ஆள் கிடையாது. ஆக ஒரு பிரசவத்தில் ஒரே வீட்டில் இரண்டு கூலி நிற்கிறது. இந்த இழப்பு எந்தத் திட்டத்தின் கணக்கிலும் இல்லை. சித்தியின் நோட்டிலும் இல்லை. சுத்தாத பீடியை எந்தப் பக்கத்தில் எழுதுவது?

அப்புறம் அந்த பஸ். 2021 மே மாசத்திலிருந்து சாதாரண கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. செக்கப்புக்குப் பக்கத்து ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக இது பெரிய உதவி. முன்பெல்லாம் “அடுத்த வாரம் பாப்போம்” என்று தள்ளிப்போட்டவர்கள் இப்போது போகிறார்கள், கண்ணால் பார்க்கிறேன். ஆனால் தென்காசியிலிருந்தோ சங்கரன்கோவிலிலிருந்தோ திருநெல்வேலிக்கு வருகிற பஸ் மப்சல் பஸ், அதாவது வெளியூர் பஸ். அதில் டிக்கெட் உண்டு. சிக்கலான கர்ப்பம் என்றால் போக வேண்டிய இடம் அந்த பஸ் போகிற திசையில்தான் இருக்கிறது.

2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டம் ஆனது. கலெக்டர் ஆபீஸ் வந்தது, எஸ்.பி. ஆபீஸ் வந்தது. 1965-லிருந்து இருக்கும் மருத்துவக் கல்லூரி பாளையங்கோட்டையில்தான் இருக்கிறது. தென்காசி தலைமை ஆஸ்பத்திரியில் நிறையப் பிரசவம் பார்க்கிறார்கள். ஆனாலும் இதயக் கோளாறு, வலிப்பு வரும் அளவுக்கு ரத்தக் கொதிப்பு, எடை குறைந்த இரட்டைப் பிள்ளை என்று வந்துவிட்டால் ‘ஹைகிரவுண்டுக்குக் கொண்டு போங்க’ என்பதே முடிவாகிறது. ஹைகிரவுண்டு என்றால் அந்தப் பாளையங்கோட்டை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். 108 கர்ப்பிணியை ஏற்றிக்கொள்ளும், கூட ஓர் ஆளையும். மற்றவர்கள் பின்னால் கார் பிடித்து வர வேண்டும். திரும்பும்போது தாயையும் பிள்ளையையும் வீட்டில் கொண்டுவிட 102 உண்டு, அதுவும் இலவசம். கேட்டு வாங்கத் தெரியாமல் வாடகைக் காரில் போகிறவர்களே அதிகம்.

தெற்கே உவரி, கூட்டப்புளி பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரர்களுக்கு நாகர்கோவில் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிதான் கிட்ட. மாவட்ட எல்லை அவர்களுக்கு ஒரு பொருட்டில்லை, வலி வந்தவளுக்கு எந்த ரோடு நல்லாயிருக்கிறதோ அதுதான் மாவட்டம். மேற்கே மலையில் கதை வேறு. காரையார் அணைக்கு அப்பால் இஞ்சிக்குழியில் காணி மக்கள் இருக்கிறார்கள். அவர்கள் கீழே வருவதென்றால் காட்டுப் பாதை, அணைத் தண்ணீரில் படகு, அதன் பிறகுதான் ரோடு. மாஞ்சோலை, ஊத்து, குதிரைவெட்டி போன்ற தேயிலைக் குடியிருப்புகளிலிருந்து அம்பாசமுத்திரம் இறங்கக் காட்டு ரோட்டில் மணிக்கணக்காகும். தோட்டத்தை மூடுகிற முடிவு 2024-ல் வந்த பிறகு அங்கே மிச்சமிருக்கிற குடும்பங்களுக்கு இருந்த வசதியும் கேள்விக்குறியாகிவிட்டது. தமிழ்நாட்டின் சில மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிரசவக் காத்திருப்பு அறை வைத்திருக்கிறார்கள். தேதி நெருங்கியதும் முன்கூட்டியே வந்து, துணைக்கு வந்தவரோடு சாப்பிட்டுத் தங்கலாம். மலைக்கு மட்டும் ஏன்? பெரிய ஆஸ்பத்திரி வாசலில் பாய் விரித்துப் படுக்கிற அம்மாக்களுக்கும் அப்படி ஓர் அறை வேண்டும்.

ஆயாவுக்கு, வீல்சேர் தள்ளினவருக்கு என்ற வரிகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். பிள்ளையைத் துணியில் சுற்றி வெளியே கொண்டுவந்தவர் உடனே பாட்டி கையில் தரவில்லை. “என்ன பிள்ளைனு கேக்கலியா?” என்று நின்றார். ஆண் என்றால் ஒரு தொகை, பெண் என்றால் அதைவிடக் குறைவு. சித்தி முந்தானையை அவிழ்த்து எடுத்துக் கொடுத்தார். பிறந்தது பெண். மூன்று நிமிஷம் கூட ஆகாத ஒரு பிள்ளைக்கு ஊர் போட்ட முதல் விலை அது. அதைக் கேட்டவரும் சொற்ப சம்பளத்துக்கு ஒப்பந்தத்தில் வேலை பார்க்கிறவராக இருக்கலாம். அந்தச் சம்பளத்தைக் கூட்டிக் கொடுப்பது அரசின் வேலை, என் சித்தியின் வேலை இல்லை.

சிசேரியனைப் பற்றி. அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். அரசு ஆஸ்பத்திரியில் 36, தனியாரில் 63.8. தாயின் உடம்பு எங்கே போனாலும் ஒன்றுதானே, இடம் மாறினால் வயிறு கிழிக்க வேண்டிய தேவை ஏன் ஏறக்குறைய இரட்டிப்பாகப் போகிறது? நல்ல நேரம் பார்த்துத் தேதி குறித்துக் கேட்கிற குடும்பங்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் இதில் பெண் கொடுக்கிற விலை பில்லோடு முடிவதில்லை. தண்ணிக் குடம் தூக்க முடியாது, தரையில் சம்மணமிட்டு நாள் முழுக்க உட்கார முடியாது. பீடி சுத்துகிறவளுக்கு அது மாசக்கணக்கில் வேலை இழப்பு. அரசு ஆஸ்பத்திரியில் அவமரியாதையும் வெளி வராந்தாவில் படுக்கையும் வேண்டாம் என்று நினைத்துத் தனியாருக்குப் போகிறவர்கள் எல்லோரும் காசுக்காரர்கள் இல்லை. மகளிர் குழுக் கடன் வாங்கிப் போகிறார்கள். ‘நம்ம பிள்ளைய நாய் மாதிரி ஏசக் கூடாது’ என்ற ஒரே காரணத்துக்காக ஒரு தாய் கடன்படுகிறார் என்றால், மரியாதையும் சிகிச்சையின் ஒரு பகுதி என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இதுவரை சொன்னது பிள்ளை பெறுகிறவளுக்கு. இனி மற்றவர்களைப் பற்றி.

குடும்பக் கட்டுப்பாடு என்றால் நம் ஊரில் ஒரே அர்த்தம்தான், ரெண்டாவது பிள்ளையோடு பெண்ணுக்கு ஆப்பரேசன். மேலே சொன்ன கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் கருத்தடை ஆப்பரேசன் செய்துகொண்ட பெண்கள் 57.8 சதவீதம். ஆண்களின் ஆப்பரேசன் 0.1. ஆணுக்கு அது கத்தியில்லாமல் சில நிமிஷத்தில் முடிகிற வேலை, அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். செலவும் இல்லை. ஆனாலும் வயிற்றைத் திறக்கிற வேலைக்குப் பெண்ணே போகிறாள். “அவரு வேலைக்குப் போறவரு, அவருக்கு எதுக்கு” என்று சொல்வதும் பெண்தான். நாள் முழுக்க இலை வெட்டிச் சுத்துகிற அவள் செய்வதை அவளே வேலை என்று எண்ணுவதில்லை.

இடைவெளி விட நினைக்கிறவளுக்கு அரசு ஆஸ்பத்திரியில் காப்பர்-டி உண்டு, மூன்று மாசத்துக்கு ஒரு தடவை போடுகிற அந்தரா ஊசி உண்டு, சாயா மாத்திரை உண்டு. எல்லாம் இலவசம். இதில் எது என் உடம்புக்குச் சரி என்று உட்கார வைத்துச் சொல்கிறவர்தான் குறைவு. சித்தி மகள் வீட்டுக்கு வந்த ஒரு வாரம் கழித்து அவளுடைய டிஸ்சார்ஜ் சீட்டை நான் வாசித்துக்கொண்டிருந்தேன். இங்கிலீஷில் கிறுக்கலாக எழுதியிருந்தது. பிரசவம் ஆன கையோடு காப்பர்-டி போட்டதாக ஒரு வரி. அவளிடம் கேட்டேன். “அப்படின்னா என்ன?” என்றாள். ஏதோ பேப்பரில் கையெழுத்து வாங்கினார்கள், வலியில் போட்டேன் என்றாள். காப்பர்-டி நல்ல சாதனம், அவளுக்கு அது வேண்டியதாகவும் இருந்திருக்கலாம். ஆனால் தன் உடம்புக்குள் ஒன்று இருக்கிறது என்பதை அவள் என் வாயால் தெரிந்துகொண்டாள்.

கருக்கலைப்பில் சட்டம் தெளிவாகவே இருக்கிறது, ஊர்தான் அதைத் தெரிந்துகொள்ளவில்லை. 1971 சட்டமும் 2021 திருத்தமும் சொல்வது இதுதான். இருபது வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்துப் போதும். கருத்தடை தோற்றுப்போனது என்பதே காரணமாக இருக்கலாம், கல்யாணம் ஆகியிருக்க வேண்டும் என்பதில்லை. இருபதிலிருந்து இருபத்துநாலு வாரம் வரை, குறிப்பிட்ட சில நிலைகளில் இரண்டு டாக்டர்கள் சேர்ந்து முடிவு செய்யலாம். கல்யாணமாகாதவர்களுக்கும் இந்த உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29 அன்று தீர்ப்புச் சொன்னது. பதினெட்டு வயது நிறைந்தவர் என்றால் அவருடைய சம்மதம் மட்டும் போதும். கணவன் கையெழுத்து என்ற ஒன்று சட்டத்தில் எங்குமே இல்லை.

நடப்பில், முதல் கேள்வியே “வீட்டுக்காரர் வந்திருக்காரா?” என்பதுதான். வெளிநாட்டில் இருக்கிற கணவனிடமிருந்து எப்படிக் கையெழுத்து வாங்குவது என்று அழுத ஒருவரை எனக்குத் தெரியும். இரண்டு பிள்ளைக்காரி என்றால் “ஆப்பரேசனும் சேர்த்துப் பண்ணிக்க, அப்பத்தான்” என்று நிபந்தனை போடுவதும் நடக்கிறது. இந்த அலைச்சலில் ஒன்பது வாரம் தாண்டிவிட்டால் மாத்திரையில் முடிந்திருக்க வேண்டியது வேறு வழிக்குப் போகிறது. செலவு ஏறுகிறது, ஆபத்தும் ஏறுகிறது. சிலர் டாக்டர் சீட்டு இல்லாமல் யார் மூலமாகவோ மாத்திரை வாங்கிப் போட்டு, ரத்தப்போக்கு நிற்காமல் கடைசியில் அதே அரசு ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். பதினெட்டுக்குக் கீழே என்றால் போலீஸ் பயமும் சேர்ந்துகொள்ளும். அந்தப் பிள்ளையும் குடும்பமும் கேட்டுக்கொண்டால் போலீசுக்குக் கொடுக்கும் தகவலில் டாக்டர் அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை என்று அதே 2022 தீர்ப்பு சொல்கிறது. இது அந்தப் பிள்ளைகளின் காதுக்கு இன்னும் எட்டவில்லை.

இங்கேதான் ஸ்கேன் விஷயமும் வந்து முட்டுகிறது. பிள்ளைக்குக் குறை இருக்கிறதா என்று பார்க்கிற ஸ்கேனைப் பதினெட்டு, இருபது வாரத்தில் எடுக்க வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் வரிசை நீளம், வெளியே எடுத்தால் பல நாள் பீடிக் கூலி. காசு சேரட்டும் என்று தள்ளிப்போட்டு இருபத்தைந்தாம் வாரத்தில் எடுத்து, பெரிய குறை என்று தெரிந்தால், அதன் பிறகு மருத்துவக் குழுதான் முடிவு செய்ய முடியும். ஐந்து வாரத் தாமதத்துக்கு விலை அவ்வளவு.

பிள்ளை இல்லாதவர்களுக்கு அரசு வாசலில் இன்னும் குறைவு. சென்னை எழும்பூரில் அரசு கருத்தரிப்பு மையம் வந்திருக்கிறது, நெல்லையிலிருந்து 600 கிலோமீட்டருக்கு மேல். இந்தச் சிகிச்சை ஒரு தடவை போய் வருகிற வேலை இல்லை. ஊசிக்கு, ஸ்கேனுக்கு, மறுபடி ஊசிக்கு என்று அங்கேயே கிடக்க வேண்டும். ஆகவே இங்கே தனியார் மையங்கள்தான். வயலை விற்றுப் போனவர்கள் உண்டு. குறை யாரிடம் என்று தெரிந்துகொள்ள ஆணின் விந்துப் பரிசோதனைதான் செலவு குறைந்த முதல் படி. அதற்கு அவர் சம்மதிக்க இரண்டு மூன்று வருஷமாகிறது. அதுவரை இவளுக்கு மாத்திரை, இவளுக்கு ஸ்கேன், ஊர் வாயில் இவளுக்குப் பட்டம்.

சித்தியின் சின்ன மகள் இப்போது முழுகாமல் இருக்கிறாள், நாலாம் மாசம். பிக்மி நம்பர் வாங்கியாயிற்று, முதல் தவணை வந்துவிட்டது. அதை எடுத்துச் செலவழிக்காமல் கணக்கிலேயே போட்டு வைத்திருக்கிறார்கள், ஸ்கேனுக்கென்று. வீட்டில் கொண்டுவிடுகிற 102, மருத்துவ ஆலோசனைக்கான 104 இரண்டு நம்பரையும் நோட்டு அட்டையில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். காப்பர்-டி பற்றி முன்கூட்டியே நர்சம்மாவிடம் பேசிவிடச் சொல்லியிருக்கிறேன். செவ்வாய்க்கிழமை செக்கப். அம்மாவும் மகளும் காலையிலேயே போக வேண்டும் என்பதால் திங்கள் ராத்திரி சித்தி மறுநாள் பீடிக்கு இலை நனைக்கவில்லை.